மூணாம் கண்ணை அரையடி

ஏசி சொட்டுகிற இடத்தில் பக்கெட்டை நகர்த்திவிட்டு
அடுத்த சீட்டை எடுக்கிறேன்.
வைரக்கண்ணு, ஐம்பத்திரண்டு, பொதுப்பணித்துறை லஸ்கர்.
மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல்.
குனிந்தால் மூச்சு முட்டுகிறது.
ஷட்டர் சக்கரத்தைச் சுற்றும்போது ஒருதரம்
கண் இருட்டி, பாலத்துச் சுவரில் சரிந்தாராம்.

இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க.
கை தலைக்கு அடியில. ஜெல் கொஞ்சம் சில்லுனு இருக்கும்.
அவர் கால்விரல் இடுக்கில்
பாமணியாற்று வண்டல் காய்ந்து வெடித்திருக்கிறது.

இரண்டு விலா எலும்புக்கு நடுவே ஒரு விரற்கடைச் சந்து.
அந்தச் சந்தில்தான் என் பிழைப்பு.
திரையில் ரத்தம் கறுப்பு, தசை சாம்பல்.
இடது மேலறையில்
இருக்கக் கூடாத ஒன்று.

உடனே நம்பக் கூடாது.
கருவியே நிழலைப் பெற்றுப்போடும்.
கருவிலிருந்தே தங்கிவிட்ட சவ்வும் நூலும்
கட்டி வேஷம் போடும்.
நுனியிலிருந்து பார்த்தேன். நெஞ்சுக்குழியிலிருந்து பார்த்தேன்.
எந்தப் பக்கம் போனாலும் அது அங்கேயே இருந்தது.

உறைந்த ரத்தமா?
அது ஓட்டம் செத்த மூலையில் ஒதுங்கும்,
சுற்றிலும் ரத்தம் புகைபோலச் சோம்பிச் சுழலும்.
இவர் மூலைகள் சுத்தம்.

கிருமி கட்டிய கூடா?
காய்ச்சல் அப்படித்தான் சொல்கிறது.
டாக்டரும் சீட்டில் அதற்குத்தான் கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
ஆனால் அது வால்வின் இதழில் தொற்றிக்கொண்டு
இதழ் ஒரு தாளத்தில் ஆட
தான் வேறு தாளத்தில் துடிக்கும்.
எனக்குத் தெரியும்.

ஃபர்ஹானா, கூத்தாநல்லூர், பத்தொன்பது வயது.
பல் பிடுங்கியபின் விடாத காய்ச்சல்.
இதழோரம் எள்ளளவு ஆடியதை
கெயின் கூடிப்போச்சு என்று
குமிழைத் திருகி அழித்தவள் நான்.
பன்னிரண்டாம் நாள் அந்த எள் மூளைக்குப் போனது.
இப்போது இடக்கையால் எழுதிப் பழகுகிறாள்.
போன நோன்புக்கு அவள் அத்தா
தூக்கு நிறையக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்.
அவருக்குத் தெரியாது.
குடித்தேன்.

வைரக்கண்ணுவின் இதழ்களில் ஒன்றுமில்லை.
மேலறைகளின் நடுச்சுவரில் சின்னக் குழிவு,
அதிலிருந்து ஒரு காம்பு,
காம்பின் நுனியில் நுங்குபோல் ஓர் உருண்டை.
வால்வு திறந்தால் கீழறைக்குள் சரிகிறது.
மூடினால் ஏறிவிடுகிறது.
சரிகிறது. ஏறுகிறது.

தலையைத் திருப்பி அவரும் பார்த்துவிட்டார்.
"ஆகாயத்தாமரை" என்றார்.
"என்னங்க?"
"ஷட்டர்ல சிக்கியிருக்கே, தெரியல?
வேரு கரையில புடிச்சிருக்கு.
தண்ணி இழுக்கையில வாயில வந்து அடைக்குது,
நின்னா பின்வாங்குது.
இதாலதான் கடைமடைக்கு ஏறல."

இருபத்தாறு வருஷம் மதகைப் பார்த்தவர்.
எனக்கு இதைப் படிக்க இரண்டு வருஷம் ஆனது,
தப்ப ஒரு நிமிஷம்.
"டாக்டர் சொல்வாருங்க" என்றேன்.
அளப்பது என் வேலை. சொல்வது இல்லை.

"சும்மா இழுத்துப் புடுங்கிரக் கூடாதுங்க.
அந்துபோனா அடுத்த மதகுல போய் அடைக்கும்.
ஆளு எறங்கி வேரோட அறுக்கணும்."

நான்கு புள்ளி ஒன்றுக்கு இரண்டு புள்ளி ஆறு.
காம்புடன். அசைகிறது.
மிக்சோமாவாக இருக்கலாம் என்று தட்டச்சு செய்தேன்.
இருக்கலாம்:
அதற்குமேல் என் படிப்புக்கு அனுமதியில்லை.

ரிப்போர்ட்டைத் தட்டில் போடவில்லை.
கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.
இறங்கி வந்தபோது தஞ்சாவூருக்கு வண்டி சொல்லியாயிற்று.
பக்கெட் வழிந்து தரையெல்லாம் ஈரம்.
"குனியாதீங்க. சக்கரத்த வேற ஆள் சுத்தட்டும்."
என் அதிகாரத்தில் இல்லாத ஒரே வாக்கியம்.

"கல்லணையில தெறந்து நாலு நாளாச்சு மேடம்,
ராத்திரிக்குள்ள என் மதகுக்கு வந்துரும்."

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி
மார்பில் ஜெல் காயாமலே
யாருக்கோ போன் போடுகிறார்:
"டேய், அவசரப்படாத.
மூணாம் கண்ணை மட்டும் தூக்கு.
அரையடி.
அரையடிதான்."