சரிபாதி

தீர்மானம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
மகாராஜநகரில் கரண்ட் போய் வந்த புதன் இரவு,
திரையில் ஏழு சதுரம், ஏழு முகம்.
ஒருவருக்கு விடியல், ஒருவருக்கு மதியச் சோறு.
எங்கள் மொழிக்கு நாங்கள்தான் காவல்.
பேசுகிற மொழி இல்லை,
கணினிக்கு எழுதுகிற மொழி.

தசமத்தை வெட்டும் கட்டளை ஒன்று
சரிபாதியில் நிற்கிற எண்ணை
இத்தனை வருஷமாய் மேலே தள்ளி வந்தது.
இனி இரட்டைப்படை எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம்.
கோடி எண்ணைக் கூட்டிப் பார்த்தால்
மேலே போனதும் கீழே போனதும் கழிந்து
கணக்கு நேராக நிற்கும்.
படம் போட்டுக் காட்டினார்கள். அழகான படம்.
ஐந்து பேர் சரி என்றோம்.
வெளியீட்டுக் குறிப்பில்
நாற்பத்தேழாவது வரியை எழுதியதும் நான்தான்,
ஓர் எழுத்துப்பிழை இல்லாமல்.

பாவூர்சத்திரம் பக்கத்துப் பால் சங்கத்தில்
நாற்பத்தேழாவது வரியை வாசிக்க ஆளில்லை.
ஞாயிறு ராத்திரி
கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
திங்கள் காலை ஐந்தே முக்காலுக்கு
சண்முகக்கனியின் சீட்டில்
கொழுப்பு நாலு புள்ளி ரெண்டு.
கருவி காட்டியது நாலு புள்ளி ரெண்டு ஐந்து.
சனிக்கிழமை வரை அது
நாலு புள்ளி மூணு.

"ஏ தங்கப்பழம், ஞாயித்துக்கெழம எம் மாடு
பச்சத்தண்ணியா குடிச்சுது?"

செயலாளர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் தீவன விளம்பரம்.

சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன்
ஏஐயிடம் கேட்டான்.
அது மூச்சு விடுவதற்குள்
இருநூறு வரி கொடுத்தது,
மன்னிப்போடு, வாழ்த்தோடு.
இருநூறிலும் நடந்தது ஒன்றுதான்:
எல்லார் பாலிலும்
புள்ளி பூஜ்யம் ஒன்று கூட்டு.
கனியின் சீட்டு சரியாகிவிட்டது.
நாலு புள்ளி மூணு நாலு ஊற்றியவர்களுக்கு
நாலு புள்ளி நாலு விழுந்தது.
அதைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை.
பத்தாம் நாள் பட்டுவாடாவில்தான்
கையிருப்பு இடித்தது.

தங்கப்பழத்தின் மருமகள் பிரம்மசக்தி
என்னோடு படித்தவள்.
தென்காசி பஸ்ஸில் ஏறிப் போனேன்.
ஆலங்குளம் தாண்டி ஒரு மணி நேரம் மாதிரி
ரயில்வே கேட் ஒன்றில் நின்றோம்.
மடியில் மடிக்கணினி,
மனசில் அந்த அழகான படம்.

இருநூறு வரியை அழித்தேன்.
மேலே என்று ஒரு சொல் சேர்த்தேன்.
அவ்வளவுதான் வேலை, டீ ஆறவில்லை.

பழைய முறையில் லட்சம் பேருக்குக் கணக்குப் போட்டால்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கூடிக்கொண்டே போகும்,
புதியதுதான் நியாயம் என்றேன் கனியிடம்.
ஏன் சொன்னேன்?
யாராவது கேட்டார்களா?

"லெச்சம் மாடு வச்சிருக்கவனுக்கு அது நாயம்மா.
எங்கிட்ட ஒண்ணுதான் நிக்கு.
அது தெனமும் இதத்தான் கறக்கு."

கை தூக்கிய ஐந்தில் நானும் ஒருத்தி என்று
வாய் வரைக்கும் வந்தது.
அதற்குள் அவள்
தூக்குவாளியைக் கழுவப் போய்விட்டாள்.

இன்றைக்குக் கேட்டாலும்
அந்தப் படம் சரி என்பேன்.
அதுதான் உறுத்துகிறது.

அடுத்த புதன்.
தீர்மானம் முந்நூற்றுப் பத்தொன்பது:
பழைய தேதி வடிவத்தை நீக்குதல்.
இரண்டு வருஷம் எச்சரிக்கை காட்டுவோம்,
பிறகு எடுத்துவிடுவோம் என்றார்கள்.
எச்சரிக்கை யார் திரையில் தெரியும் என்று கேட்டேன்.
எழுதுகிறவர் திரையில்.
எழுதினவர் வேலையை விட்டு
துபாய் போயிருந்தால்?

ஏழு சதுரமும்
புகைப்படம் போல நின்றன.
யாரோ ஒருவர் கேட்டார்,
இணைப்பு அறுந்துவிட்டதா என்று.

இல்லை,
இருக்கிறேன் என்றேன்.