பூங்கா விதிகள்: திருத்திய வரைவு

தீர்மானப் புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும்:
‘காரைக்குடி, குன்றக்குடி சாலைப் பூங்கா.
கருத்துக் கேட்புக் கூட்டம். வருகை நாற்பத்தொன்று.’
எழுதியது நான்.
எழுதாமல் விட்டதும் நான்தான்.

வரைவு மூன்றே வரி.
மாலை ஆறுக்குப் பூட்டு.
தலைக்குப் பத்து ரூபாய்.
மதம் சார்ந்த எவர்க்கும் எதற்கும் அனுமதியில்லை.

சபுரா பீவி முதலில் எழுந்தார்.
நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து
பத்தரைக்குத்தான் எங்களுக்குக் காற்று.
ஆறுக்கே பூட்டினா
பூங்கா ஆம்பளைக்கும் அணிலுக்கும்தானா?
அணில் என்றே எழுதினேன்.
தலைவர் அடிக்கச் சொன்னார்.

பெரிகருப்பன் செட்டியார் காலணி இல்லாமல் வந்திருந்தார்,
மாலை போட்டு ஒன்பதாம் நாள்.
தையில ரெண்டு ராத்திரி போதும்.
அறந்தாங்கியில இருந்து நடந்து வர்றவனுக்கு
ஒரு குழாய், ஒரு நிழல்.
கொப்புளத்துக்கு எதுக்குங்க டிக்கெட்?

உபதேசியார் சூசைமாணிக்கம்
சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து
மேஜைமேல் நீட்டினார்.
சிஸ்டர்மார் இல்லத்தில் ஒன்பது சக்கர நாற்காலி.
உங்க சுழல்கதவு இவ்வளவு.
நாற்காலி இவ்வளவு.
அதற்குமேல் பேசவில்லை. நாடா தானாகச் சுருண்டது.

பிறகு சண்டை.
போன தையில் குவிந்த பாக்குமட்டைத் தட்டுகள் யாருடையவை?
புல்லில் கிடந்த கஞ்சிக் கோப்பைகள்?
நட்சத்திரம் கட்ட வேம்பில் அடித்த ஆணி
இன்னும் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள்.
அனுமதி கேட்டு வந்தவர்கள்
ஒருவர்மீது ஒருவர் தடை கேட்டார்கள்.
மின்விசிறி நின்றது. யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது வார்டு உறுப்பினர்தான் சொன்னார்:
இன்னிக்கு வேம்புக்கு மஞ்சத்துணி,
அடுத்த வாரம் உண்டியல்,
அதுக்கடுத்த வாரம் வழக்கு.
சிரிப்பு வந்த இடத்தில்
கோபம் கொஞ்சம் உட்கார்ந்தது.

கல் நடக் கூடாது, கொடி கூடாது, ஒலிபெருக்கி கூடாது,
ஒரு ராத்திரிக்கும் கூடாது.
செட்டியார்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.
பேனா கை மாறியது,
மை தீர்ந்தது,
என் பேனாவைக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை.

கடைசி வரிசையில் ஒரு கறுப்புச் சட்டை.
பெயர் செழியன், பழுதுபார்ப்புக் கடை.
எல்லாம் சரி.
சாமி இல்லாதவன் எங்கே உட்காருவான்?

சட்டத்தில் தேடினேன், உட்பிரிவு கிடைக்கவில்லை.
சபுரா பீவி சொன்னார்:
எங்க பெஞ்சு காலியாத்தான் இருக்கும்.
காலை மட்டும் நீட்டாதீங்க.

இரவு பத்துவரை திறப்பு, நோன்பு மாதத்தில் பதினொன்றரை.
கட்டணம் நீக்கப்பட்டது.
யார் கூடினாலும் மறுநாள் எட்டுக்குள் குப்பை அவர்கள் பொறுப்பு.
சுழல்கதவை மாற்றுவது மட்டும்
நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கிறது.
காத்திருக்கிறது என்று நான்கு கூட்டமாக எழுதிவருகிறேன்.

தையில் ஒரு சாயங்காலம் அந்த வழியாகப் போனேன்.
காவடியை வேம்பில் சாய்த்துவிட்டு
செம்மண் பாதங்களோடு ஆறேழு பேர்
ஒரு நாற்காலியை ஆளோடு தூக்கி
கதவுக்கு மேலாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
மெதுவா, மெதுவா என்றாள் அதிலிருந்த பெண்,
பயமா சிரிப்பா தெரியாத குரலில்.
காவலாளி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே இருந்தான்.

கதவுக்கு மேலாக நுழைவது
விதி பதினொன்றின்படி குற்றம்.
அதையும் நான்தான் எழுதினேன்.
இதை எழுதவில்லை.