காதுகுத்து

அவிநாசியில் ரெண்டு நாள் பயிற்சி.
பனியன் கம்பெனி சம்பளக் கணக்கர்கள்,
ஈ.எஸ்.ஐ. நர்ஸ், குழுக்கடன் வசூலிக்கும் பையன்கள்.
"ரம்மி ஆடினாயா என்று கேட்காதீர்கள்.
தூங்கினாயா என்று கேளுங்கள்"
என்றார் மைக் பிடித்தவர்.

மதியம் நடித்துப் பார்க்கச் சொன்னார்கள்.
நான் தொழிலாளி, நர்ஸ் விசாரிப்பவர்.
கையில் தந்த வசனத்தை விட்டுவிட்டு
தானாக வந்தது வாயில்:
"பாப்பாவுக்குக் காதுகுத்துங்க.
ஐயாயிரம் அட்வான்ஸ் வேணுமுங்க."
மண்டபமே சிரித்தது.

அது நாச்சிமுத்துவின் குரல்.
கட்டிங் டேபிள், டோக்கன் நூற்று நாற்பது.
தையில் ஒருதரம், சித்திரையில் ஒருதரம்,
ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் இன்னொருதரம்.
இருப்பதோ ஒரே பாப்பா, ரெண்டே காது.
மூன்று வவுச்சரிலும் என் கையெழுத்து,
பச்சை மையில்.

திங்கட்கிழமை கூப்பிட்டேன்.
பயிற்சித் தாள் டிராயரில் எங்கேயோ.
"உட்காருங்க. ராத்திரி தூக்கம் வருதுங்களா?"

வெகுநேரம்
சட்டையில் நூல்பிசிறு தட்டிக்கொண்டிருந்தான்.
பிறகு செல்போனை எடுத்து
என் மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.
அது அதிர்ந்து அதிர்ந்து
வவுச்சர் கட்டுவரை நகர்ந்து வந்தது.
இருவருமே எடுக்கவில்லை.