அடக்கிய இருமல்

மெரிதாவில் வண்டியில் ஏற்றும்போதே
காப்பகத்துப் பெண் சொல்லிவிட்டாள்:
"நடுவில் நிற்பவளுக்கு ஆண் குரல் ஆகாது.
அவரைப் பேசவிடாதீர்கள்."
ஃபெர்மின் தலையாட்டினார்.
முப்பத்தொரு வருஷம் சந்தையில்
மீன் கூவி விற்றவர்.

மூன்று வேட்டைநாய்கள்.
பிப்ரவரி, பருவம் முடிந்தாயிற்று.
முயலுக்குப் பிந்தியவை, அல்லது
முந்தியும் பலனில்லாதவை.
அந்த மாதம் காப்பகத்தின் சமையலறையில் இருந்ததையெல்லாம்
பெயராக வைத்திருந்தார்கள்:
கடலை, அவரை, நடுவில் பயறு.
பயறுக்குக் கழுத்தைச் சுற்றி
முடி முளைக்காத ஒரு வட்டம்.
எப்படி என்று நான் கேட்கவில்லை.
கேட்காமலே தெரிந்தவற்றை
எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை.

சலமாங்கா வருவதற்குள் மற்ற இரண்டும்
மடக்குக் குடைகள்போல் கால்களைச் சுருட்டிக்கொண்டன.
பயறு படுக்கவில்லை. நின்றாள்.
வளைவுகளில் சாய்ந்து, நேர்ச்சாலையில் நிமிர்ந்து,
பேருந்தில் இடம் கிடைக்காத பெண்ணைப்போல.
கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவள்
என் கணவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புர்கோஸ் தாண்டி முதல் இருமல் வந்தது.
சின்னதுதான்.
பின்னால் ரப்பர் விரிப்பில் நகங்கள் தடதடத்தன.
மூத்திர வாடை எழுந்தது.
ஃபெர்மின் ஓரங்கட்டி இறங்கி
நூறடி நடந்துபோய்
பச்சைக் கோதுமைக்குள் நின்று இருமினார்.
நான் விரிப்பை மாற்றினேன்.
திரும்பி வந்தபோது
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடியே வந்தார்,
ஒன்றுமில்லை, பார், ஒன்றுமில்லை என்று
யாரிடமோ சோதனைக்கு நிற்பவர்போல.

பிரான்ஸ் முழுக்க இப்படித்தான்.
மிட்டாய் சப்புவார். எச்சில் விழுங்குவார்.
தொண்டைவரை வந்துவிட்டால் காது சிவக்கும்,
தோள் ஒருமுறை குலுங்கும், அவ்வளவே.
சுங்கச்சாவடியில் சீட்டு சிக்கிக்கொள்ள
இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேள்வி கேட்டது.
திராட்சை பறிக்கப் போய்ப் பிரெஞ்சு கற்றவர் அவர்தான்.
பழைய ரசீதின் பின்பக்கத்தில் அவர் எழுதித் தர
அவர்மேல் சாய்ந்து, ஜன்னல் வழியே,
உச்சரிப்பைக் கொலைசெய்து நான் வாசித்தேன்.
பின்னால் லாரிக்காரன் ஹார்னை அழுத்தினான்.
விநோதம், ஹார்னுக்கு அவள் அஞ்சவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்.
வீட்டில் நாங்கள் இரண்டு வருஷமாக
அதிகம் பேசிக்கொள்வதில்லை.
கோபமெல்லாம் இல்லை. தீர்ந்துவிட்டது,
நாளைக்கு வாங்கலாம் என்று விட்ட
உப்பைப்போல.
அன்றிரவு போர்தோவின் விளக்குகளைக் கடக்கையில்
அவர் என் முழங்காலில் விரலால் தட்டி
இடப்பக்கம் காட்டினார். நிலா.
இன்னொரு தட்டு: காபி?
இன்னொரு தட்டு.
என்ன என்று பார்த்தேன்.
சும்மா.

கெண்ட் நகருக்கு வெளியே, பெட்ரோல் பங்க் ஓரம்.
பயறை வாங்க வந்தவர் வவுட்டர்,
டிராம் ஓட்டுநர், ஆறடிக்கு மேல்,
வாயைத் திறந்தால்
வெண்கலக் கடைக்குள் யானை.
ஃபெர்மினின் முகம் இறுகியது.
ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் விழுங்கியதெல்லாம்
அந்த ஒரே ஹலோவில் போயிற்று.

பயறின் தொடை நடுங்கியதை வவுட்டரும் பார்த்தார்.
அப்புறம் பேசவில்லை.
அத்தனை பெரிய உடம்பை மெல்ல மடக்கி
ஈரத்தரையில், அவளுக்கு முதுகு காட்டி, உட்கார்ந்தார்.
தூறல் வலுத்தது.
கடலை ஒரு காரில், அவரை ஒரு காரில் போனார்கள்.
கையெழுத்துகள் முடிந்தன. காபி ஆறியது.
நாற்பது நிமிடம் கழித்தும் பயறு
நின்றுகொண்டுதான் இருந்தாள்,
ஓரடி முன்னால்.
அதற்குமேல் பார்க்க ஃபெர்மினால் முடியவில்லை.
சாவியைக் குலுக்காமல் எடுத்தார்.

திரும்பும் வழியில் பின்னிருக்கை காலி.
"இனி இருமலாமே," என்றேன்.
அவர் கண்ணாடியைப் பார்த்தார்.
வாயைத் திறந்தார், மூடினார்,
வண்டியின் வேகத்தைக் குறைத்து
ஓரங்கட்ட இடம் தேடினார்.