மீதி நான்காண்டு

எரியூட்டுமுன் எடுத்துவிட வேண்டும்,
இல்லையேல் உலைக்குள் வெடிக்கும்.
இடது காறை எலும்புக்குக் கீழே
விரல் வைத்தால் தட்டுப்படும்,
சட்டைப்பையில் மறந்த தீப்பெட்டிபோல.
ஹார்லிங்கன் தகனக்கூடத்தில் பதினோரு வருஷம்
கீறி, எடுத்து, கழுவி
பிஸ்கட் டப்பாவில் போட்டுவருகிறேன்.
நிறைந்ததும் உட்ரெக்டிலிருந்து ஆள் வந்து
டப்பாவோடு எடுத்துப்போவார்.
எதற்கென்று கேட்டதில்லை.

பிப்ரவரியில் சிப்பே விழுந்தது.
கால்வாய்க் கரையில் வாத்துகளைக் குரைக்க வாய் திறந்து
குரைக்காமலே
சாய்ந்தது.
எண்ணினேன், எட்டு நொடி.
எழுந்து, யாரோ விழுந்ததைப்போல
என் பூட்ஸை முகர்ந்தது.
மூன்றாம் தடவை பனிக்கட்டியின் மேல்.

டாக்டர் ஆல்ச்யே காகிதச் சுருளை விரித்தாள்:
மேலறை கூப்பிடுகிறது, கூப்பிடுகிறது,
கீழறைக்குக் காது கேட்கவில்லை.
நிமிஷத்துக்கு முப்பத்தாறு.
“மாத்திரைக்கு மசியாது, பேஸ்மேக்கர்தான்.
புதிது உனக்குக் கட்டாது.
பழையது இருக்கிறது.”
அலமாரியிலிருந்து அவள் இறக்கிய டப்பாவில்
நீலக் காற்றாலை, ஒரு மூலையில் நசுங்கல்.
நசுக்கியது நான்.

யாருடையதென்று தெரியாது,
எண்ணைச் சுரண்டியிருந்தார்கள்.
பாட்டரியில் மீதி நான்காண்டு.

கழுத்துப் பட்டை இப்போது ஆணியில் தொங்குகிறது;
சிப்பேவுக்கு இனி மார்வார்தான்.
கழுத்தில் ஊசி குத்தாதீர் என்று
அதன் சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.
ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனை,
ரயிலில் இரண்டரை மணி நேரம், ஜன்னலோர இருக்கை.
ஹெர்ரிங் வண்டி முன்னால் அது நின்றால்
செத்தவருக்கு ஹெர்ரிங் பிடிக்கும் என்று அர்த்தமில்லை.
நாய்க்கு மீன் பிடிக்கும்,
அவ்வளவுதான்.

இரவில் மட்டும் அதன் கழுத்தோரம் கை போகிறது.
தோலுக்கடியில் அந்தத் தீப்பெட்டி
சூடாக இருக்கிறது.
என் கைக்கு அதைக் குளிராகத்தான் தெரியும்.

நேற்று வந்தவருடையது புத்தம் புதிது,
வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.
கழுவினேன். டப்பாவில் போடவில்லை.
கோட்டுப்பையில் வைத்துக்கொண்டு
பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன்.
சிப்பேவுக்கு ஒன்பது வயது;
ஒன்பதும் நான்கும் பதின்மூன்று,
அதற்கப்புறமும் ஒரு நாய் ஆசைப்படலாம்.
ஸ்னேக்கில் ஒரு ஸ்பானியல் காத்திருப்பதாக
ஆல்ச்யே சொல்லியிருந்தாள்,
பேர்கூடச் சொன்னாள், மறந்துவிட்டேன்.

பேருந்து வந்தது, கதவு திறந்தது.
ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.
போங்கள் என்று கைகாட்டிவிட்டு
திரும்பி நடந்தேன்,
கூடத்துச் சாவி எந்தப் பையில் என்று
தேடிக்கொண்டே.