இருபத்துநாலு, பூஜ்யம்

மூன்று கராஜ்கள் பார்த்தாயிற்று.
முதலாமவன் தெர்மோஸ்டாட் மாற்றினான்.
இரண்டாமவன் சென்சார்.
மூன்றாமவன், ஏசியை அணைத்துவிட்டு ஓட்டு என்றான்,
டர்பனில்,
பிப்ரவரியில்.

இப்போது என் ஜேக்கப்ஸ் சந்தில்
டிரெய்லரைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறது
குதிரை.
இங்கே லாரியின் தலைக்கு அதுதான் பெயர்.

ஐட்லிங்கில் பரமசாது.
தண்ணீர் எண்பத்திரண்டு டிகிரி.
விசிறி அசையவில்லை,
அரை மணி, முக்கால் மணி.
பல் டாக்டர் வாசலை மிதித்ததும்
வலி நின்றுபோகுமே, அதுபோல.

பெகுமுசி தொப்பியைப் பிசைகிறான்.
"மேட்டில்தான் கத்தும், சிஸ்டர்.
அரை நிமிஷம் கத்தும், அடங்கும், திரும்பக் கத்தும்.
போய்வர முப்பது லிட்டர் கூடுதல்.
நான் விற்றேன் என்கிறார் மிஸ்டர் கிஸ்டன்.
ஹாரிஸ்மித் தாண்டி, இருட்டில், கேனில்.
இரண்டு மாசமாய்ச் சம்பளத்தில் பிடிக்கிறார்."

அந்த விசிறி சும்மா சுற்றாது.
முப்பது குதிரையின் இழுவையைத் தின்றுதான் சுற்றும்.
எனக்குத் தெரியும்.
பதினாறு லாரி வைத்திருக்கும் கிஸ்டனுக்கும்
தெரிந்திருக்கலாம்.

ஏசி பிரஷர் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன்.
காற்றுக்குழாய் நெடுக சோப்புநுரை தடவினேன்,
ஒரு குமிழி வரவில்லை.
கம்ப்யூட்டரைக் கேட்டேன்,
எனக்கு ஒன்றும் தெரியாது என்றது,
சாட்சிக்கூண்டில் ஏறிய பக்கத்துவீட்டுக்காரன் மாதிரி.

டிரெய்லரை மாட்டு என்றேன்.
காலியாக வேண்டாம். லோடோடு வா.

முப்பது டன் டைல்ஸ் பின்னால்.
சோலினாய்டிலிருந்து இரண்டு ஒயரை நீட்டி
ஜன்னல் வழியே இழுத்து
மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஷாங்வெங் வரை இருபத்துநாலு.
கீ ரிட்ஜ் மேடு தொடங்கியது.
கியர் இறங்கியது.
இன்ஜின் தோளைச் சாய்த்து முக்கியது.

பூஜ்யம்.

காலுக்கடியில் ஒரு விமானம் கிளம்பியது.
பெகுமுசி சாலையைப் பார்க்கவில்லை,
என் மடியைப் பார்த்தான்.
ரோட்டைப் பார், ரோட்டைப் பார் என்று கத்தினேன்.

இந்த விசிறியை வடிவமைத்தவன் பயந்தவன்.
மின்சாரம் இருக்கும்வரை
காற்று ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும்.
சேதி அறுந்ததா, தீ என்றே வைத்துக்கொள்,
சுற்று.
நல்ல பயம்தான். இன்ஜின் பிழைக்கும்.
கிஸ்டனுக்குள்ளும் அப்படியொரு ஸ்பிரிங் இருக்கிறது போல.
அதில் யார் பிழைக்கிறார்கள் என்பதுதான்
கணக்கில் வரவில்லை.

மேட்டின் உச்சியில் ஓரங்கட்டி
இன்ஜின் ஆறுமட்டும் காத்திருந்து
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஒயரை விரலால் நெருடிக்கொண்டே போனேன்.
பிராக்கெட்டின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டை.
யாரோ அழகுக்காக இறுக்கிக் கட்டியது.
வெளித்தோலில் கீறல்கூட இல்லை.
மடித்தபோது மட்டும் உள்ளே ஒரு தொளதொளப்பு,
முறிந்த சுண்டுவிரல் போல.
இன்ஜின் சாயும்போதெல்லாம்
தாமிரம் தாமிரத்தை விட்டது.
நிமிரும்போது தொட்டது.

அறுத்தெடுத்தேன், நாலு அங்குலம்.
புது ஒயரைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டேன்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் முழுக்க
விசிறி வாய் திறக்கவில்லை.
பெகுமுசிதான் பேசிக்கொண்டே வந்தான்,
ஏதோ கால்பந்து,
எனக்குப் பாதி புரியவில்லை.

பில் எழுதினேன்.
ஒயர் ஒரு மீட்டர். கூலி ஆறு மணி நேரம்.
கீழே பெரிய எழுத்தில்:
டீசல் போன வழி இது.
லொஷினி என்று கையெழுத்துப் போட்டு
ஒயர்த்துண்டை செலோடேப்பால் ஒட்டினேன்.

அவன் போகாமல் நின்றான்.
இன்னொரு காப்பி கிடைக்குமா என்றான்.
ஒன்று போதாதா கிஸ்டனுக்கு?
"வீட்டுக்கு, சிஸ்டர்.
அங்கேயும் கேட்கிறார்கள்."

டேப்பை உரித்தேன்.
ஒயரை இரண்டாக நறுக்கினேன்.