இருபத்திரண்டு கிலோ

வால்வு ஆம்ப்புக்கு இருபத்திரண்டு கிலோ.
சின்னதுக்கு ஒன்றே முக்கால்.
மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு
ஒரே பையில் கிடந்து வரும்.
பீல் நகரத்து டிராலிபஸ்ஸில்
அதற்காக யாரும் எழும்பி இடம்விடத் தேவையில்லை.

பயிற்சி, ஒரு குடியிருப்பின் அடியில்.
உடுப்புத் தோய்க்கும் அறையைத் தாண்டினால்
ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீட் கதவு.
அணுகுண்டுக்கென்று கட்டியது,
எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.
கோரின் அதை அப்ரி என்பாள்.
ரெனாட்டோ கெல்லர் என்பான்.
முதல்நாள் நான் பங்கர் என்றேன்,
சொல்லிவிட்டுக் கதவைத் தொட்டுப் பார்த்தேன்.
எங்கள் பங்கருக்குக் கதவு இருந்ததில்லை.

வால்வு ஆம்ப் அங்கேயே கிடக்கிறது,
தூக்க ஆளில்லாமல்.
ஸ்விட்சைப் போட்டால் உடனே பேசாது.
நாலு கண்ணாடிக் குழாய்க்குள்ளும்
பாகு காய்ச்சுகிற நிறத்தில்
மெல்ல ஒரு வெளிச்சம் ஏறும்.
அரை நிமிசம்.
அப்படியோர் அரை நிமிசத்தில்தான் கோரின்
விவாகரத்துக் கடிதம் வந்ததைச் சொன்னாள்.
இன்னொன்றில்
ரெனாட்டோ சிகரெட்டை விட்டிருந்தான்,
அடுத்த வாரத்து அரை நிமிசத்தில்
திரும்பத் தொட்டிருந்தான்.
சின்னதுக்குக் காத்திருப்பே இல்லை.
அமர்த்தினால் இருக்கிறது,
வங்கியில் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் பெண்போல
கேட்க முதலே பதிலோடு.

மிதமிஞ்சி முறுக்கினால் வால்வு
ஓரம் கருகின தோசைபோல் மொறுமொறுக்கும்.
பழைய டிரான்சிஸ்டரை முறுக்கினால் தகரம் கிழியும்.
ஆனால் இந்தச் சின்னது அந்தத் தலைமுறை இல்லை,
கருகலைக் கணக்காகப் படித்துவிட்டு வந்திருக்கிறது.

பகலில் எனக்குக் கடிகாரத் தொழிற்சாலை.
ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி, விரல்களில் ரப்பர் உறை.
நாளுக்கு நாலு விநாடி பிந்துகிற சக்கரக் கடிகாரம்
ஒரு காரின் விலைக்குப் போகிறது.
பிந்தாத பேட்டரிக் கடிகாரம்
பெட்ரோல் நிலையத்தில் சூயிங்கத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.
ஆகவே இந்த வாதம் எனக்குப் புதிதில்லை.
சூடு என்கிறான் ரெனாட்டோ, உயிர் என்கிறான்,
எங்கள் விளம்பரப் பிரிவில் எழுதுகிற அதே சொற்கள்.

போன வியாழன் கோரின்
ஒரு படுக்கை விரிப்பைக் குறுக்கே கட்டினாள்.
அதற்குப் பின்னால் இரண்டு ஆம்ப், ஒரே ஸ்பீக்கர்.
நான் வாசிக்க, அவள் மாற்ற,
சுவரைப் பார்த்து நின்று ரெனாட்டோ சொல்லவேண்டும்.
பத்தில் ஆறு பிழை.
விரிப்பில் ஏதோ சூழ்ச்சி என்றான்.

எனக்குக் காது வேண்டியிருக்கவில்லை.
வால்வில் தந்தி
விரலுக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கிக் கொடுக்கும்,
வழிவிடுகிற ஆளின் தோள்போல.
சின்னதில் அது நின்ற இடத்தில் நிற்கும்.
ஒன்பது தரம் சரியாகச் சொன்னேன்.
பத்தாவது தரம்
வால்வு, இப்ப சின்னது, இல்லை வால்வு என்றேன்.
கோரின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம்,
ஒன்றையும் மாற்றவில்லையாம்.

சனிக்கிழமை ஏரிக்கரைக் கஃபேயில் கச்சேரி.
மாடிப்படி இருபத்தாறு, லிஃப்ட் இல்லை.
என் முதுகுக்கு யாரும் வாக்குப்போடக் கேட்கவில்லை,
நானே சின்னதைப் பையில் போட்டேன்.

மேடை என்று ஒன்றுமில்லை,
மேசை இரண்டை நகர்த்தின இடம்.
பொத்தானை அமர்த்தினேன்.
பச்சை விளக்கு, தயார்.
நாங்கள் தொடங்கவில்லை.
ரெனாட்டோ என் சப்பாத்தைப் பார்த்தான்.
கோரின் குச்சிகளை மடியில் வைத்தாள்,
வழக்கு முடிந்தது, என்றாள்,
பூனை அவனுக்கு.
முன்மேசைப் பிள்ளை தாயிடம் கேட்டது,
அம்மா, அது பழுதா?

ஜன்னலில் பனிப்புகார்,
ஏரி இருப்பதாக ஒரு நம்பிக்கை மட்டும்.
குச்சி நாலு தரம் தட்டியது.